கையெழுத்துக்குப் பிறகு கணக்கு கேட்பது யார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உட்கட்டமைப்புத் திட்டங்களில் தனியார் முதலீட்டை வரவேற்று எழுதப்பட்ட தங்கள் தலையங்கம், ‘உரிய கண்காணிப்பும் அவசியம்’ என்ற ஒரு வரியோடு முடிந்திருந்தது. அந்த ஒரு வரிக்குள் அடங்கிப்போன விஷயத்தைச் சற்று விரித்துச் சொல்லவே இக்கடிதத்தை எழுதுகிறேன். உள்ளாட்சி நிதித் தணிக்கைத் துறையில் 31 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். பொதுப் பணம் எந்த வழியாகப் போகிறது, எந்த இடத்தில் கண்ணுக்குத் தெரியாமல் மறைகிறது என்று பார்ப்பதே என் தொழிலாக இருந்தது.

ஓர் ஊராட்சியில் 200 மீட்டர் சிமென்ட் சாலை போட்டால் அந்த வேலைக்கு என்னென்ன காகிதம் வேண்டும் என்பதை உள்ளாட்சியில் வேலை பார்த்த எவரும் ஒப்பிப்பார்கள். மதிப்பீடு, தொழில்நுட்ப ஒப்புதல், ஒப்பந்தப்புள்ளி, வேலை உத்தரவு, எம்.புக் என்று நாங்கள் சொல்லும் அளவுப் புத்தகம், அதில் பொறியாளரின் மேலளவு, பட்டியல், காசோலை என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். இத்தனையும் சரியாக இருந்தாலும், சாலையின் கனம் எம்.புக்கில் ஓர் அங்குலம் கூடுதலாக எழுதப்பட்டிருந்தால் நாங்கள் தணிக்கைத் தடை எழுதுவோம். அந்தத் தடைக்கு ஊராட்சித் தலைவர் பதில் சொல்லியாக வேண்டும். மூன்று லட்ச ரூபாய் வேலைக்கு இவ்வளவு கண்கள். ஆனால் ஆயிரம் கோடி ரூபாய் செலவில், 20, 30 ஆண்டுகளுக்கு மக்களிடமிருந்து நேரடியாகப் பணம் வசூலிக்கும் உரிமையோடு ஒரு சாலையோ பாலமோ குடிநீர்த் திட்டமோ தனியாரிடம் ஒப்படைக்கப்படும்போது, கையெழுத்தான நாளுக்குப் பிறகு அந்தக் கணக்கைத் தொடர்ந்து பார்க்கும் கண் எது என்று தேடினால் பெரும்பாலான துறைகளில் விடை கிடைப்பதில்லை.

என் மனைவியின் கண் சிகிச்சைக்காக மாதம் ஒருமுறை கோவைக்குப் போய்வருகிறோம். சென்ற ஆண்டு ஒரு நாள், வழியில் ஒரு சுங்கச்சாவடியைத் தாண்டியதும் வண்டியில் காற்று இறங்கிவிட்டது. டயர் மாற்றும் வரை சாவடியின் ஓரத்தில் இருந்த அறிவிப்புப் பலகையின் கீழ் நின்றுகொண்டிருந்தேன். பழக்கதோஷத்தால் பலகை முழுவதையும் படித்தேன். மேற்பாதியில் கார், வேன், பேருந்து, லாரி ஆகியவற்றுக்கான கட்டணங்கள் பளிச்சென்று இருந்தன. கட்டணம் ஆண்டுதோறும் மாறுவதால் அந்தப் பகுதியில் மட்டும் புதிய ஸ்டிக்கர் ஒட்டுகிறார்கள். கீழ்ப்பாதியில் திட்டத்தின் செலவு, வசூல் தொடங்கிய நாள், வசூல் முடியும் நாள் ஆகியவை எழுதப்பட்டிருந்த இடம் வெயிலில் வெளுத்து, உரிந்து, எண்களே தெரியாமல் இருந்தது. அங்கே நின்ற இளம் ஊழியர் ஒருவரிடம், இந்தச் சாவடி எந்த ஆண்டு வரைக்கும் என்று கேட்டேன். “அதெல்லாம் ஆபீசுலதானுங்க கேக்கோணும்” என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு, 1033 என்ற உதவி எண்ணைக் காட்டினார். அவர் மேல் குறை சொல்ல எதுவுமில்லை. ஊருக்குத் திரும்பியதும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி உரிய அலுவலகத்துக்கு விண்ணப்பம் அனுப்பினேன். ஆங்கிலத்தில் ஒரு கட்டு காகிதம் வந்தது. திட்டத்தின் வரவு செலவை முன்கூட்டிக் கணித்துக் காட்டும் நிதிக் கணிப்பு இணைப்பையும் கேட்டிருந்தேன்; அது மட்டும் ‘வணிக ரகசியம்’ என்று மறுக்கப்பட்டிருந்தது. மேல்முறையீடு செய்திருக்கிறேன்.

தனியார் வரவே கூடாது என்று வாதாடுவது என் நோக்கமன்று என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். நான்கு வழிச் சாலைகளையும் விமான நிலையங்களையும் மின்நிலையங்களையும் அரசு தன் கருவூலத்தை மட்டும் நம்பிக் கட்டுவதென்றால் இன்னும் ஒரு தலைமுறை காத்திருக்க வேண்டியிருக்கும். வளரும் நாடு ஒவ்வொன்றுக்கும் உள்ள சங்கடம் இது. ஆனால் தனியார் பணம் என்று பேசும்போது அதில் நம் பணமும் கலந்திருக்கிறது என்பதை மறக்கலாகாது. கட்டணம் மட்டும் கட்டுப்படியாகாத சாலை போன்ற திட்டங்களுக்கு மத்திய அரசு 20 விழுக்காடு வரை மானியம் தருகிறது. மாநில அரசோ திட்டத்துக்கு உரிய துறையோ இன்னொரு 20 விழுக்காடு வரை சேர்க்கலாம். நெடுஞ்சாலைகளில் 2016 முதல் நடைமுறையில் உள்ள கலப்பு முறையில், கட்டுமானக் காலத்திலேயே செலவில் 40 விழுக்காட்டை அரசு கொடுத்துவிடுகிறது. மீதியில் பெரும்பகுதி வங்கிக் கடன், அதாவது பொதுத்துறை வங்கிகளில் நாம் போட்டு வைத்திருக்கும் வைப்புத்தொகை. நிலம் கையகப்படுத்தித் தருவதும் அரசுதான். இவ்வளவுக்குப் பிறகும், கணக்கு கேட்டால் ‘தனியார் நிறுவனத்தின் வணிக ரகசியம்’ என்ற பதில் எப்படிப் பொருந்தும்?

தலைநகர் டெல்லியையும் உத்தரப் பிரதேசத்தின் நொய்டாவையும் யமுனைக்கு மேலே இணைக்கும் டிஎன்டி பாலச்சாலையின் கதையைத் தமிழ் வாசகர்கள் விரிவாக அறிந்துகொள்வது நல்லது. 9 கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான நீளமும் எட்டு வழிகளும் கொண்ட அந்தச் சாலைக்கான ஒப்பந்தம் 1997 நவம்பரில் கையெழுத்தாயிற்று. ஐஎல் அண்ட் எஃப்எஸ் நிதி நிறுவனம் இதற்கென்றே தொடங்கிய நொய்டா டோல் பிரிட்ஜ் நிறுவனம் சாலையைக் கட்டி, 2001 பிப்ரவரியில் போக்குவரத்துக்குத் திறந்தது. கட்டுமானச் செலவு ஏறத்தாழ 408 கோடி ரூபாய். சாலை நன்றாகவே கட்டப்பட்டது. அதில் யாருக்கும் குறையில்லை. குறை ஒப்பந்தத்தின் ஒரு விதிக்குள் இருந்தது. முதலீட்டாளருக்கு மொத்தத் திட்டச் செலவின் மீது ஆண்டுக்கு 20 விழுக்காடு வருவாய் கிடைத்தாக வேண்டும், ஓர் ஆண்டில் அது முழுமையாகக் கிடைக்காவிட்டால் குறையும் தொகை திட்டச் செலவோடு சேர்க்கப்படும், அனைத்தும் வசூலாகும் வரை உரிமை நீடிக்கும் என்பதே அந்த விதி.

இதன் விளைவு எளிய கணக்கு தெரிந்தவர்களுக்கும் உடனே புலப்படாது. அதனால் ஓர் உதாரணம் தருகிறேன். எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்துக்கொண்டவை. திட்டச் செலவு 100 ரூபாய். முதல் ஆண்டில் வரவேண்டிய வருவாய் 20. பராமரிப்புச் செலவு போக சாலை சம்பாதித்தது 12. குறையும் 8 ரூபாய் செலவோடு சேர, இரண்டாம் ஆண்டில் திட்டச் செலவு 108 ஆகிவிடும். வரவேண்டிய வருவாய் 21 ரூபாய் 60 காசு. அந்த ஆண்டில் வண்டிகள் பெருகி 14 ரூபாய் வந்தாலும் இன்னும் 7 ரூபாய் 60 காசு குறையும். செலவு 115 ரூபாய் 60 காசு. மூன்றாம் ஆண்டில் 16 ரூபாய் வந்தாலும் 7 ரூபாய் 12 காசு குறைந்து, செலவு 122 ரூபாய் 72 காசாக ஏறும். ஆண்டுதோறும் வசூல் கூடுகிறது, ஆண்டுதோறும் மக்கள் அதிகம் கட்டுகிறார்கள், ஆனாலும் ஆண்டுதோறும் அவர்கள் தீர்க்க வேண்டிய பாக்கி வளர்ந்துகொண்டே போகிறது. கிராமத்தில் மீட்டர் வட்டிக்கு வாங்கிய குடும்பம் படும் பாடு இதுதான். வட்டியே கட்டி முடியாதபோது அசல் எங்கே குறையும்? இன்னொன்றையும் கவனியுங்கள். இப்படிப்பட்ட விதியின் கீழ் பராமரிப்புச் செலவைக் குறைக்கவோ வசூலைச் சிறப்பாக நடத்தவோ நிறுவனத்துக்கு எந்தத் தூண்டுதலும் இல்லை. செலவு எவ்வளவு கூடினாலும் அதுவும் 20 விழுக்காட்டோடு திரும்ப வந்துவிடும்.

நொய்டா குடியிருப்போர் நலச் சங்கங்களின் கூட்டமைப்பு 2012இல் அலகாபாத் உயர் நீதிமன்றத்தை அணுகியது. 2016 அக்டோபரில் சுங்க வசூலை நிறுத்தச் சொல்லித் தீர்ப்பு வந்தது. நிறுவனம் உச்ச நீதிமன்றம் சென்றது. உச்ச நீதிமன்றம் கணக்குகளைச் சரிபார்க்க மத்தியக் கணக்குத் தணிக்கைத் துறைத் தலைவரின், அதாவது சிஏஜியின் உதவியை நாடியது. இறுதியில் 2024 டிசம்பர் 20 அன்று உயர் நீதிமன்றத் தீர்ப்பை உறுதி செய்தது. போட்டி ஒப்பந்தப்புள்ளி கோராமல் இந்த உரிமை வழங்கப்பட்டதையும், கட்டணம் விதிக்கும் அதிகாரத்தை நொய்டா ஆணையம் தன் வரம்பை மீறி நிறுவனத்திடம் கொடுத்ததையும், போட்ட முதலும் போதிய லாபமும் நிறுவனத்துக்கு ஏற்கெனவே வந்துவிட்டதையும் தீர்ப்பு எடுத்துச் சொல்கிறது.

ஒரு தணிக்கையாளனாக இந்த ஆண்டுகளின் வரிசைதான் என்னை உறுத்துகிறது. ஒப்பந்தம் 1997. வழக்கு 2012. வசூல் நின்றது 2016. இறுதித் தீர்ப்பு 2024. அந்த 20 விழுக்காட்டு விதி முதல் நாளிலிருந்தே எழுத்தில் இருந்தது. எந்த ஒரு கணக்கரும் அரை மணி நேரத்தில் அதன் விளைவைப் போட்டுக் காட்டியிருக்க முடியும். ஆனால் அதைப் போட்டுப் பார்த்து, ‘இது கூடாது’ என்று சொல்லும் கடமையும் அதிகாரமும் கொண்ட ஒரு நிரந்தர அமைப்பு இல்லை. அதனால் சாலையில் போகிற மக்களே சங்கம் சேர்த்து, வழக்கறிஞர் வைத்து, உயர் நீதிமன்றம் ஏறி, பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் போராட வேண்டியிருந்தது. திறந்த நாள் முதல் 15 ஆண்டுகளுக்கு மேல் அவர்கள் கட்டியது கட்டியதுதான்.

இதே ஐஎல் அண்ட் எஃப்எஸ் குழுமத்தின் பெயர் நம் மாநிலத்துக்கும் புதிதன்று. சென்னையின் கிழக்குக் கடற்கரைச் சாலையை மேம்படுத்திச் சுங்கம் வசூலித்த தமிழ்நாடு சாலை மேம்பாட்டு நிறுவனம், தமிழ்நாடு அரசின் தொழில் வளர்ச்சி நிறுவனமான டிட்கோவும் அக்குழுமமும் சேர்ந்து 1998இல் உருவாக்கியது. திருப்பூர்க் குடிநீர்த் திட்டத்திலும் அதே குழுமம் முன்னின்றது. 90,000 கோடி ரூபாய்க்கு மேல் கடன் சுமந்து, 2018இல் தவணைகளைச் செலுத்த முடியாமல் அக்குழுமம் சரிந்தபோது, மத்திய அரசு தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயத்தின் வழியே அதன் இயக்குநர் குழுவையே மாற்ற வேண்டியதாயிற்று. நாடெங்கும் உள்ள சாலைகளையும் மின்நிலையங்களையும் குடிநீர்க் குழாய்களையும் ஒரே குழுமம் நூற்றுக்கணக்கான துணை நிறுவனங்களின் பெயரில் வைத்திருந்ததை, அது விழும் வரை ஒட்டுமொத்தமாகப் பார்த்தவர் எவருமில்லை.

திருப்பூர்த் திட்டம் வேறு வகைப் பாடம். அதை நான் குற்றப்பத்திரிகையாகச் சொல்லவில்லை. நல்ல எண்ணத்தோடு தொடங்கிய முயற்சி என்றே இன்றும் நினைக்கிறேன். பின்னலாடைத் தொழில் பெருகிய அந்நகரில் நிலத்தடி நீர் உப்பாகி, சாயப்பட்டறைகள் தோட்டத்துக் கிணறுகளிலிருந்து லாரித் தண்ணீர் வாங்கிப் பிழைத்த காலத்தில், பவானி ஆற்றிலிருந்து குழாய் போட்டு நாளொன்றுக்கு 18.5 கோடி லிட்டர் தண்ணீர் கொண்டுவரும் திட்டம் தீட்டப்பட்டது. தமிழ்நாடு அரசும் திருப்பூர் ஏற்றுமதியாளர் சங்கமும் தனியார் முதலீட்டாளர்களும் பங்கு கொண்ட நியூ திருப்பூர் ஏரியா டெவலப்மென்ட் கார்ப்பரேஷன், 1,000 கோடி ரூபாய்க்கு மேல் செலவிட்டு, 30 ஆண்டு உரிமையோடு அதைக் கட்டி, 2005இல் தண்ணீர் வழங்கத் தொடங்கியது. இந்தியாவில் தண்ணீர்த் துறையில் அரசும் தனியாரும் கூடும் இந்த முறையில் நிறைவேறிய முதல் பெரிய திட்டம் அதுவே. தொழிற்சாலைகளுக்கு ஆயிரம் லிட்டர் 45 ரூபாய்; வீடுகளுக்கும் வழியோர ஊர்களுக்கும் அதில் ஒரு சிறு பங்கு விலை. பட்டறை செலுத்தும் பணத்தில் வீட்டுக் குழாய்க்கும் தண்ணீர் வரும் என்பதுதான் ஏற்பாடு.

ஏற்பாடு முழுவதும் ஒரே தூணின் மேல் நின்றது: சாயப்பட்டறைகள் தொடர்ந்து தண்ணீர் வாங்க வேண்டும். அதே காலத்தில் நொய்யல் ஆற்றில் சாயக்கழிவு ஓடி, ஒரத்துப்பாளையம் அணையைச் சுற்றியுள்ள விவசாயிகள் நிலத்தையும் கிணற்றையும் இழந்து நீதிமன்றம் சென்றிருந்தார்கள். ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியே விடக் கூடாது என்ற நிபந்தனை சாயப்பட்டறைகளுக்கு விதிக்கப்பட்டது. விவசாயிகளின் பக்கம் நியாயம் இருந்தது என்பதில் ஐயமே இல்லை. அந்த நிபந்தனையின்படி கழிவுநீரைச் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்தும் பட்டறை, இயல்பாகவே புதிய தண்ணீரைக் குறைவாக வாங்கும். நிபந்தனை நிறைவேறவில்லை என்று 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் எழுநூறுக்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூடச் சொன்னபோது, தண்ணீரின் முதன்மையான வாடிக்கையாளரே காணாமல் போனார்.

அரசின் ஒரு கை, பட்டறைகள் தண்ணீர் வாங்கும் என்ற நம்பிக்கையில் 30 ஆண்டு ஒப்பந்தம் போட்டது. இன்னொரு கை, பட்டறைகள் தண்ணீரை மிச்சப்படுத்தியே ஆக வேண்டும் என்று சட்டப்படி வலியுறுத்தியது. இரண்டும் தனித்தனியாகச் சரியே. இவ்விரண்டையும் ஒரே மேசையில் வைத்து, பட்டறைக் கட்டணம் குறைந்தால் வீட்டுக் குழாயின் தண்ணீருக்குப் பணம் எங்கிருந்து வரும் என்று ஆண்டுதோறும் கேட்க வேண்டிய ஓர் ஆணையம் தமிழ்நாட்டில் அன்றும் இல்லை, இன்றும் இல்லை. மகாராஷ்டிரத்தில் 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நீர்வள ஒழுங்குமுறை ஆணையம் அமைக்கப்பட்டு, மொத்த நீர்க் கட்டணத்தை அது நிர்ணயிக்கிறது. அந்த ஆணையத்தின் மீதும் விமர்சனங்கள் உண்டு. ஆனால் விமர்சிப்பதற்காவது அங்கே ஓர் அமைப்பு இருக்கிறது.

நெடுஞ்சாலைக்கு வருகிறேன். நாம் கட்டும் சுங்கக் கட்டணம் 2008ஆம் ஆண்டு விதிகளின்படி கணக்கிடப்படுகிறது. காருக்குக் கிலோமீட்டருக்கு 65 காசு என்ற 2007–08ஆம் ஆண்டின் அடிப்படைக் கட்டணத்தோடு, ஆண்டுக்கு 3 விழுக்காடும், மொத்த விலைக் குறியீட்டு உயர்வில் 40 விழுக்காடும் சேர்ந்துகொண்டே வரும். சாலையில் குழி விழுந்தாலும், சேவைச் சாலை பாதியில் நின்றாலும், எதிர்பார்த்ததைவிட இரண்டு மடங்கு வண்டி ஓடினாலும் இந்த வாய்பாடு மாறாது. அதே விதிகளில் மக்களுக்கு ஆறுதலான ஒன்று இருந்தது: ஒப்பந்தக் காலம் முடிந்த பின், அல்லது அரசுப் பணத்தில் போட்ட சாலையாக இருந்தால் போட்ட முதல் வசூலான பின், கட்டணம் 40 விழுக்காடாகக் குறைய வேண்டும். 2023ஆம் ஆண்டுத் திருத்தம் அந்தக் குறைப்பை நீக்கிவிட்டது. அத்தகைய முடிவுக்குக் காரணங்கள் இருக்கலாம். பராமரிப்புக்குப் பணம் வேண்டும்தான். ஆனால் அதற்கு முன் எந்த ஊரில் பொது விசாரணை நடந்தது? சின்ன யானையில் தினமும் வாழைத்தார் ஏற்றிப் போகும் என் பக்கத்து வீட்டுக்காரருக்கு இப்படியொரு விதி இருந்ததும் தெரியாது, போனதும் தெரியாது.

சாலைக்கு உரிமையாளர் தேசிய நெடுஞ்சாலைகள் ஆணையம். ஒப்பந்தம் போடுபவரும் அவரே. ஒப்பந்ததாரர் விதிப்படி நடக்கிறாரா என்று பார்ப்பவரும் அவரே. ஒப்பந்தம் முடிந்த பின் சுங்கம் வசூலிப்பவரும் அவரே. பயணியின் புகாரைக் கேட்பவரும் அவரே. ஆணையத்தின் அதிகாரிகள் நேர்மையானவர்களா என்பது இங்கே கேள்வியே அல்ல. எங்கள் துறையில் காசாளரே தன் கணக்கைத் தணிக்கை செய்ய விடமாட்டோம். அவர் மேல் சந்தேகம் என்பதற்காக அல்ல, முறை அப்படி. 2025 ஆகஸ்டில், சேலத்திலிருந்து கோவை வழியாகக் கொச்சி செல்லும் 544ஆம் எண் நெடுஞ்சாலையில், திருச்சூர் மாவட்டத்துப் பாலியேக்கரை சுங்கச்சாவடியில் சாலை மோசமாக இருக்கும்போது கட்டணம் வாங்கக் கூடாது என்று கேரள உயர் நீதிமன்றம் வசூலை நிறுத்தி வைத்தது. உச்ச நீதிமன்றமும் அதில் தலையிட மறுத்தது. நம் ஊர் லாரி ஓட்டுநர்கள் பலரும் அந்தத் தீர்ப்பைக் கொண்டாடினார்கள். எனக்கும் மகிழ்ச்சியே. ஆனால் ஒவ்வொரு குழிக்கும் ஒவ்வொரு சாவடிக்கும் உயர் நீதிமன்றம் போக முடியுமா? கட்டணத்துக்கும் சாலையின் தரத்துக்கும் முடிச்சுப் போட்டு, தரம் குறைந்தால் கட்டணம் தானாகக் குறையும்படி செய்வது ஓர் ஒழுங்குமுறை ஆணையத்தின் அன்றாட வேலையாக இருக்க வேண்டும்.

ஆணையம் அமைத்துவிட்டால் போதும் என்று நான் நம்பவில்லை. அதற்கும் நம் மாநிலமே சாட்சி. தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் 1999 முதல் இருக்கிறது. ஆயினும் 2014 டிசம்பருக்குப் பிறகு 2022 செப்டம்பர் வரை மின்கட்டணம் உயர்த்தப்படவேயில்லை. மின்வாரியம் கேட்காவிட்டாலும் ஆணையம் தானாகவே விசாரணையைத் தொடங்கலாம் என்று மின்சார மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2011இலேயே சொல்லியிருந்தும், ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் மௌனத்தில் கழிந்தன. அந்த மௌனம் மக்களுக்குச் சலுகைபோலத் தோன்றினாலும், கடனாகவும் வட்டியாகவும் மாறிப் பின்னர் ஒரே நேரத்தில் தலையில் விழுந்தது. விசைத்தறிக்காரர்களையும் சிறு பட்டறைக்காரர்களையும் கேட்டால் அந்த உயர்வின் வலியைச் சொல்வார்கள்.

ஆனாலும் அங்கே ஒரு வித்தியாசம் உண்டு. 2022 ஆகஸ்டில் கோவை, மதுரை, சென்னை ஆகிய மூன்று நகரங்களில் ஆணையம் கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்தியது. தொழில் அமைப்புகளும் விவசாயிகளும் வீட்டுக்காரர்களும் எழுந்து நின்று பேச முடிந்தது. சொன்னதெல்லாம் ஏற்கப்படவில்லை, ஆனால் உத்தரவு எழுத்தில் வந்தது, கணக்கு அதில் இருந்தது, தவறு என்று பட்டால் மேல்முறையீடு செய்ய ஒரு படி இருந்தது. குஜராத்தின் முந்த்ரா அனல்மின் நிலையத்தை எடுத்துக்கொள்ளுங்கள். யூனிட் ஒன்றுக்கு ஏறத்தாழ 2 ரூபாய் 26 காசு என்று விலை சொல்லி ஒப்பந்தம் பெற்ற நிறுவனம், இந்தோனேசியா தன் நிலக்கரி விலை விதியை மாற்றியதும் கட்டணத்தை உயர்த்தக் கேட்டது. மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையம் ஈடு கொடுக்கச் சொன்னது, நுகர்வோர் தரப்பு எதிர்த்தது, தீர்ப்பாயம் விசாரித்தது, 2017 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அந்த ஈட்டை ரத்து செய்தது. எந்தத் தரப்பு சரி என்பதில் வல்லுநர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் குறைந்த விலை சொல்லி ஒப்பந்தத்தை வென்று, பின்னர் மூடிய அறையில் அதை மாற்றிக்கொள்ளும் வழி அங்கே எளிதாகத் திறக்கவில்லை. ஒவ்வொரு படியும் பொதுவெளியில், எழுத்தில் நடந்தது. அந்தக் குறைந்தபட்ச வெளிச்சம்கூடச் சாலைக்கும் தண்ணீருக்கும் இல்லை.

பொருளாதார அறிஞர் விஜய் கேல்கர் தலைமையிலான குழு 2015 நவம்பரில் மத்திய அரசுக்கு அளித்த அறிக்கையில், இத்தகைய அரசு–தனியார் கூட்டு முயற்சிகள் நடைபெறும் துறைகளுக்குச் சுதந்திரமான ஒழுங்குமுறை அமைப்புகள் வேண்டும் என்று பரிந்துரைத்தது. தொலைத்தொடர்புக்கு டிராய் என்ற ஒழுங்குமுறை ஆணையம் இருக்கிறது. விமான நிலையங்களுக்கு 2008ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி கட்டண ஆணையம் இருக்கிறது. நெடுஞ்சாலைக்கு இன்றுவரை வரவில்லை.

மத்திய அரசு செய்யும் வரை தமிழ்நாடு காத்திருக்க வேண்டியதில்லை. 2012ஆம் ஆண்டின் தமிழ்நாடு உட்கட்டமைப்பு மேம்பாட்டுச் சட்டத்தின்படி முதலமைச்சர் தலைமையில் ஒரு வாரியம் இருக்கிறது. திட்டங்களைத் தேர்ந்து ஊக்குவிப்பது அதன் பணி. ஊக்குவிப்பவரே கண்காணிப்பவராக இருக்க முடியாது என்பதால், அதே சட்டத்தில் திருத்தம் கொண்டுவந்து, வாரியத்திடமிருந்து விலகி, சட்டப்பேரவைக்கு ஆண்டறிக்கை தரும் தனி ஒழுங்குமுறை அமைப்பு ஒன்றை உருவாக்கலாம். மாநில நெடுஞ்சாலை, குடிநீர், கழிவுநீர், குப்பை மேலாண்மை ஆகியவற்றில் 10 ஆண்டுக்கு மேல் நீளும் எந்த ஒப்பந்தமும் கையெழுத்தாவதற்கு முன் அதன் வருவாய் விதியை இந்த அமைப்பு கணக்கிட்டுப் பார்த்து, வசூல் கால்வாசி குறைந்தால் என்னவாகும், இரட்டிப்பானால் என்னவாகும் என்று எளிய தமிழில் இரண்டு பக்கம் எழுதி வெளியிட வேண்டும். ஒப்பந்தத்தின் முழு நகலும், பிற்சேர்க்கைகளும், பின்னால் செய்யப்படும் ஒவ்வொரு திருத்தமும் இணையத்தில் இருக்க வேண்டும். திருத்தம் என்பதை அழுத்திச் சொல்கிறேன். பெரும்பாலான கசிவுகள் முதல் ஒப்பந்தத்தைவிட, நான்கைந்து ஆண்டு கழித்து வரும் ‘துணை ஒப்பந்தங்களில்’தான் நடக்கும் என்பது என் அனுபவம்.

தணிக்கையும் அப்படியே. தொலைத்தொடர்பு நிறுவனங்கள் அரசோடு வருவாயைப் பகிர்ந்துகொள்வதால் அவற்றின் வருவாய்க் கணக்கை சிஏஜி தணிக்கை செய்யலாம் என்று 2014 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பொதுமக்களிடம் பொது உரிமையின் பேரில் வசூலிக்கப்படும் எந்தக் கட்டணத்துக்கும் அந்த நியாயம் பொருந்தும். ஒப்பந்தத்திலேயே ஒரு வரி எழுதிவிட்டால் வழக்குக்கே இடமிருக்காது. முதலீட்டாளருக்கும் இது நல்லது. ஆட்சி மாறினால் ஒப்பந்தம் என்னாகுமோ என்று அஞ்சி அவர் வைக்கும் கூடுதல் விலை, விதிகள் தெளிவாகவும் நடுவர் தனியாகவும் இருந்தால் குறையும். நேர்மையாகத் தொழில் செய்ய வருபவர் கணக்குக் காட்டத் தயங்கமாட்டார். இதை நூற்றுக்கணக்கான ஒப்பந்ததாரர்களோடு பழகியவன் என்ற முறையில் சொல்கிறேன்.

தங்கள் நாளிதழுக்கும் ஒரு வேண்டுகோள். ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரலிலும் செப்டம்பரிலும் சுங்கக் கட்டணம் உயரும்போது பழைய கட்டணம், புதிய கட்டணம் என்று பட்டியல் வெளியிடுகிறீர்கள். அடுத்த முறை அந்தப் பட்டியலில் இன்னும் மூன்று கட்டங்கள் சேர்க்க முடியுமா? அந்தச் சாலைக்கு ஆன செலவு, இதுவரை வசூலான தொகை, வசூல் முடியும் தேதி. தமிழ்நாட்டின் ஒவ்வொரு சாவடிக்கும் தங்கள் செய்தியாளர்கள் இதைக் கேட்கட்டும். பதில் கிடைத்தால் பதிலையும், மறுக்கப்பட்டால் மறுக்கப்பட்டது என்பதையும் அந்தக் கட்டத்தில் அச்சிடுங்கள். என் மேல்முறையீட்டுக்குப் பதில் வந்தால் அந்தக் காகிதங்களின் நகலைத் தங்களுக்கு அனுப்பி வைக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
ஓய்வு பெற்ற உள்ளாட்சி நிதித் தணிக்கை அலுவலர்,
நாமக்கல் மாவட்டம்.